ஹெல்மெட்டுக்குள் ஐந்து நிமிடம்

கேள்வி:

"பதினோரு ஆண்டுகளாகக் கணித ஆசிரியையாக இருக்கிறேன். இந்தப் பள்ளிக்கு வந்து நான்காவது ஆண்டு. ஒன்பது, பத்து வகுப்புகளில் நான்கு பிரிவுகள் என்னிடம். பிரிவுக்கு 42 பிள்ளைகள். போன பருவத்தில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எல்லோர் முன்னிலையிலும் என்னைத் தரக்குறைவாகப் பேசினான். தலைமை ஆசிரியரிடம் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். மறுநாள் அவன் அப்பா வந்து அலுவலகத்தில் சத்தம் போட்டார். தலைமை ஆசிரியர் அவர் எதிரிலேயே, 'டீச்சர், ஒரு சாரி சொல்லிடுங்க, விஷயம் முடிஞ்சிடும்' என்றார். சொன்னேன். அன்றிலிருந்து ஞாயிறு மாலையானால் நெஞ்சு இறுகுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. தொண்டை எப்போதும் கட்டியே இருக்கிறது. ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆளாளுக்குத் தாள் திருத்தக் குனிந்துவிடுகிறார்கள். விடுமுறையில் பத்து நாள் நன்றாக ஓய்வெடுத்தேன். பள்ளி திறந்த முதல் நாள், முதல் மணியிலேயே எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கணவர் 'விட்டுவிடு' என்கிறார். அம்மா 'எந்த வேலையில்தான் கஷ்டமில்லை, பொறுத்துப் போ' என்கிறார். தினமும் வண்டியை நிறுத்தியதும் ஐந்து நிமிடம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நிற்கிறேன். உள்ளே அழுதால் வெளியே தெரியாது. நான் ஆசிரியராக இருக்கவே தகுதியில்லாதவளாக ஆகிவிட்டேனா?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தகுதியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் உங்கள் உடம்பைப் பற்றிப் பேசிவிடுகிறேன், அது காத்திருக்கக் கூடாதது.

நெஞ்சு இறுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை 'டென்ஷன்தான்' என்று நீங்களே முடிவுகட்டிவிட வேண்டாம், நானும் கடிதத்தை வைத்து அப்படிச் சொல்ல மாட்டேன். இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தம், இசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தச்சோகையும் தைராய்டுக் கோளாறும் மனச்சோர்வைப் போலவே வேஷம் போடும். தூக்கம் கெட்டு எத்தனை வாரமாகிறது என்பதையும் கூச்சப்படாமல் அவரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, நீங்கள் எழுதாவிட்டாலும் நான் கேட்டாக வேண்டியது: 'நான் இல்லாமலே போய்விட்டால் நல்லது' என்ற நினைப்பு எப்போதாவது எட்டிப்பார்க்கிறதா? பார்த்தால், அன்றைக்கே கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். நான் இனிச் சொல்லப்போகிற எதுவும் அந்தச் சந்திப்புக்கு மாற்றாகாது.

இனி உங்கள் கேள்வி. தகுதியில்லாதவருக்கு நெஞ்சு இறுகாது. நான் சந்திக்கும் ஆசிரியர்களில் இப்படி எரிந்துபோய் வருகிறவர்கள் பெரும்பாலும் வேலையை உயிராக எடுத்துக்கொண்டவர்கள்தான். 1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனநல நிபுணர் இந்த நிலைக்கு 'எரிந்து தீர்தல்' என்ற பொருளில் 'பர்ன்அவுட்' (burnout) என்று பெயர் வைத்தபோது அவர் கண்முன் இருந்தவர்களும் அப்படித்தான். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் சம்பளத்தை எதிர்பார்க்காமல் தொண்டு செய்ய வந்தவர்கள் அவர்கள். ஆர்வத்தோடு வந்தவர்கள் சில மாதங்களில் எரிச்சலும் வெறுமையுமாக மாறுவதை அவர் பார்த்தார். தனக்குள்ளும் அதைக் கண்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் இதற்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறது. சக்தியெல்லாம் வடிந்துபோன உணர்வு. செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, அதன்மேல் கசப்பு வருவது. தன்னால் இனி உருப்படியாக எதுவும் முடியாது என்று தோன்றுவது. மூன்றாவதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். 'நான் தகுதியில்லாதவளா' என்ற உங்கள் கேள்வியே அந்த மூன்றாவது அடையாளம். காய்ச்சல் வந்தவருக்கு வாய் கசக்கிற மாதிரி, எரிந்துபோனவருக்குத் தன் திறமை கசக்கும். அந்தக் கசப்பை நாக்கின் குறை என்று யாரும் சொல்வதில்லை. அதே ஆவணம் இதை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். வேலையிடத்தில் நெடுநாள் தொடர்ந்த, சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்கிறது. உங்களுக்குள் ஏதோ உடைந்துவிட்டது என்பதைவிட, வேலையிடத்தில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன நடந்தது? பதினோரு ஆண்டு அனுபவம் உள்ளவர் நீங்கள். நான்கு பிரிவும் 168 பிள்ளைகளும் உங்களுக்குப் புதிதில்லை. களைப்பு இருந்திருக்கும், அதைச் சமாளித்தும் வந்திருக்கிறீர்கள். நீங்கள் சாய்ந்தது அலுவலகத்தில் அந்த 'சாரி'யைச் சொன்ன நிமிடத்தில். உங்கள் பக்கம் நின்றிருக்க வேண்டியவர் எதிர்ப்பக்கம் போய் நின்ற நிமிடம் அது. களைப்பு வேறு, கைவிடப்படுவது வேறு. களைப்புக்கு மருந்து ஓய்வு. கைவிடப்பட்ட வலிக்கு ஓய்வு மருந்தாகாது. பத்து நாள் தூங்கி எழுந்தும் முதல் மணியிலேயே எல்லாம் திரும்பி வந்ததற்குக் காரணம் இதுதான். உங்களுக்கு ஓய்வெடுக்கத் தெரியவில்லை என்பதில்லை. காயம் ஓரிடத்தில் இருக்க, கட்டு வேறிடத்தில் போட்டீர்கள்.

இது என் சொந்தக் கருத்து மட்டுமில்லை. ராபர்ட் கராசெக் என்ற சமூகவியலாளர் 1979-ல் சொன்னது எளிமையானது: வேலை கடினமாக இருப்பது மட்டும் ஆளை உடைப்பதில்லை, கடினமான வேலையும், அதை எப்படிச் செய்வது என்பதில் நம் சொல்லுக்கு இடமில்லாமையும் சேரும்போதுதான் அது உடைக்கிறது. 1988-ல் ஜெஃப்ரி ஜான்சன், எல்லன் ஹால் என்ற இருவர் ஸ்வீடனில் 13,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் தரவுகளைப் பார்த்து இதனோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: உடன் வேலை செய்பவர்களின் ஆதரவு. சுமை அதிகம், சொல் குறைவு, துணையும் இல்லை என்ற நிலையில் இருந்தவர்களிடம்தான் இதய நோய் அதிகமாகக் காணப்பட்டது. ஆசிரியர் வேலையில் முதல் இரண்டும் பெரும்பாலும் இருக்கும். பாடத்திட்டம், தேர்வுத் தேதி, கால அட்டவணை எதையும் நீங்கள் தீர்மானிப்பதில்லை. அதனால் மூன்றாவது கால் உறுதியாக இருந்தால்தான் முக்காலி நிற்கும்.

ஆகவே உங்கள் முதல் வேலை யோகா வகுப்பு தேடுவது இல்லை. ஓர் ஆளைத் தேடுவது.

பத்து பேர் வேண்டாம், ஒரே ஒருவர் போதும். ஆசிரியர் அறையில் எல்லோரும் குனிந்துகொண்டதை இரக்கமின்மை என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் பயம்தான் தெரிகிறது. எல்லோர் நடுவிலும் பேச்செடுத்தால் யார் எதை மேலே கொண்டுபோவார்களோ என்ற பயம். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-லேயே பள்ளிகளை முட்டைத் தட்டுக்கு ஒப்பிட்டார். ஒவ்வொரு முட்டையும் தன் குழிக்குள். ஒன்றோடொன்று உரசாது, ஒன்றுக்கொன்று உதவவும் முடியாது. கதவைச் சாத்தினால் பக்கத்து வகுப்பில் நடப்பது நமக்குத் தெரியாது. அதனால்தான் ஒவ்வோர் ஆசிரியரும் 'எனக்கு மட்டும்தான் வகுப்பு அடங்க மாட்டேன் என்கிறது' என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் ஆலோசகராவதற்கு முன் மூன்று ஆண்டுகள் வகுப்பெடுத்தவள். ஒரு நாள் ஒரு பிரிவு முழுவதும் என்னை ஆட்டிவைத்துவிட்டது. கடைசி மணி அடித்ததும் மேசைமேல் நாற்பது நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், கை நடுங்கியது. பக்கத்து வகுப்பு டீச்சர் உள்ளே வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒன்றும் கேட்கவில்லை. பாதி நோட்டுகளை எடுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு, "வா, போகலாம்" என்றார். வராந்தா முழுக்க இருவரும் பேசாமல் நடந்தோம். படியிறங்கும்போது, "எட்டாவது பீரியட்ல அவங்க எனக்கும் அப்படித்தான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தோடு நான் அந்த ஆண்டை ஓட்டினேன்.

உங்கள் பள்ளியிலும் அப்படி ஒருவர் இருப்பார். ஆசிரியர் அறையின் நடுவில் தேடாதீர்கள், வராந்தாவில் தேடுங்கள். அவரிடம் நிர்வாகத்தைப் பற்றிய குறையோடு போகாமல் ஒரு சின்ன வேலையோடு போங்கள். "பத்து-பி-யில் பின்வரிசையைச் சமாளிக்க முடியவில்லை, உங்கள் ஃப்ரீ பீரியடில் பத்து நிமிடம் வந்து உட்கார முடியுமா? அடுத்த வாரம் நான் உங்கள் வகுப்புக்கு வருகிறேன்." குறை சொல்ல அழைத்தால் பயப்படுகிறவர்கள்கூட உதவி கேட்டால் பெரும்பாலும் வருவார்கள். பள்ளியில் ஒருவர்கூட அமையவில்லை என்றால், முன்பு வேலை செய்த பள்ளித் தோழி, பயிற்சிக் கல்லூரியில் உடன் படித்தவர் யாராக இருந்தாலும் சரி, வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் தொலைபேசியில் பேசிக்கொள்ளுங்கள். வகுப்பறை என்றால் என்னவென்று தெரிந்தவராக இருக்க வேண்டும். கணவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அவருக்கு உடனே தீர்வு சொல்லத்தான் தோன்றும். 'எனக்கும் அப்படித்தான்' என்று சொல்ல அவரால் முடியாது.

அடுத்தது தலைமை ஆசிரியர். அவர் செய்தது தவறு. உங்கள் பக்கம் ஏதாவது பிசகு இருந்திருந்தால்கூட அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பெற்றோர் எதிரில் உங்களைத் தலைகுனிய வைத்தது எந்த வகையிலும் சரியில்லை. அவருக்கும் மேலிருந்து நெருக்கடி இருக்கலாம், சேர்க்கை குறையுமோ புகார் போகுமோ என்ற கவலை இருக்கலாம். அது அவர் நடந்துகொண்டதற்கு விளக்கமாகலாம், நியாயமாகாது.

ஆனாலும் அவரிடம் 'எனக்கு ஆதரவு தாருங்கள்' என்று கேட்காதீர்கள். அந்தச் சொல் மிகப் பெரியது. 'நான் எப்போதும் ஆதரவாகத்தானே இருக்கிறேன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அவரால் 'சரி' என்றோ 'முடியாது' என்றோதான் சொல்ல முடியும்படி இரண்டு மூன்று காரியங்களைக் கேளுங்கள். பெற்றோர் என்னைப் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே நேரம் குறிக்க வேண்டும், வகுப்பு வாசலில் வந்து நிற்கக் கூடாது. சந்திப்பில் நீங்களோ துணைத் தலைமை ஆசிரியரோ உடன் இருக்க வேண்டும். நான் ஒரு மாணவனை அனுப்பினால், என்ன முடிவு எடுத்தீர்கள் என்பதை அவன் வகுப்புக்குத் திரும்புவதற்கு முன் எனக்கு ஒரு வரி சொல்ல வேண்டும். இவ்வளவுதான். ஒன்றுக்கும் பணச் செலவில்லை. ஏதாவது சம்பவம் நடந்த சூட்டோடு போகாமல், பரபரப்பில்லாத ஒரு நாளாகப் பார்த்து, கேட்கப்போவதைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். குரல் தழுதழுத்தால் சீட்டைப் பார்த்துப் படித்துவிடுங்கள், அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

அன்று மாலையே ஒரு மின்னஞ்சலோ கடிதமோ அனுப்புங்கள். "மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, இன்று என்னுடன் பேச நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. பெற்றோர் சந்திப்புகள் முன்கூட்டியே நேரம் குறித்து, உங்கள் முன்னிலையில் அல்லது துணைத் தலைமை ஆசிரியர் முன்னிலையில் நடக்கும் என்று பேசினோம். ஒழுங்கு நடவடிக்கை பற்றிய முடிவு எனக்குத் தெரிவிக்கப்படும் என்றும் பேசினோம். நான் ஏதும் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அருள்கூர்ந்து தெரிவியுங்கள்." இதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். பழைய சம்பவத்தை இதில் இழுக்க வேண்டாம். எழுத்தில் இருப்பதை மறப்பது கடினம், உங்களுக்கும் அவருக்கும்.

நீங்கள் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமோ என்று தோன்றினால் ஒரு தகவல் சொல்கிறேன். 1966 அக்டோபர் 5 அன்று யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஆசிரியர்களின் நிலை குறித்த பரிந்துரை ஒன்றை ஏற்க வைத்தன. அந்த நாளின் நினைவாகத்தான் 1994 முதல் உலக ஆசிரியர் தினம் கொண்டாடப்படுகிறது. பெற்றோரோடு ஒத்துழைக்கச் சொல்கிற அதே பரிந்துரை, ஆசிரியரின் தொழில்சார்ந்த பொறுப்பில் பெற்றோர் நியாயமின்றித் தலையிடுவதிலிருந்து அவரைப் பாதுகாக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பெற்றோர் தம் புகாரை முதலில் தலைமை ஆசிரியரோடும் சம்பந்தப்பட்ட ஆசிரியரோடும் பேசலாம். மேலிடத்துக்குப் போகும் புகார் எழுத்தில் இருக்க வேண்டும், அதன் நகல் ஆசிரியருக்குத் தரப்பட வேண்டும் என்கிறது. இது பரிந்துரைதான், சட்டம் போல யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் நீங்கள் கேட்பது 1966-லேயே உலகம் நியாயம் என்று ஒப்புக்கொண்டதைத்தான்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில், பள்ளிக் கணினியில் வேண்டாம். தேதி, நேரம், என்ன நடந்தது, யார் இருந்தார்கள், நான் யாரிடம் சொன்னேன், பதில் என்ன. இவ்வளவு மட்டும். 'அவமானப்படுத்தினார்' என்று எழுதாமல் அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்துப் படித்தால் தற்செயலான அலட்சியமா, குறிவைத்த துன்புறுத்தலா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். முதலாவது பேசித் தீர்க்கக்கூடியது. இரண்டாவது என்றால் தனியாகப் போராடாதீர்கள். ஆசிரியர் சங்கத்தையோ வழக்கறிஞரையோ அந்த நோட்டோடு போய்ப் பாருங்கள்.

இப்போது சுமை. துணை கிடைப்பதற்கு நாளாகும், அதுவரை மூச்சுவிட இடம் வேண்டும். ஒரு கணக்கு போடுவோம், கணித டீச்சரிடம் கணக்கிலேயே பேசுவது நல்லது. 168 நோட்டுகள், நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 336 நிமிடம். ஒரு சுற்றுத் திருத்த ஐந்து மணி முப்பத்தாறு நிமிடம். அது வாரந்தோறும் உங்கள் இரவுகளிலிருந்து போகிறது. அந்தச் சிவப்பு மை எல்லாம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிறதா? இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் சில மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்புரை மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்களிடம்தான் முன்னேற்றம் தெரிந்தது. மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்து வாங்கியவர்களுக்குக் குறிப்பால் பலனில்லை. மதிப்பெண்ணைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். ஆகவே வழக்கமான வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே, நீங்கள் பலகையில் போடப்போடப் பிள்ளைகளே திருத்தட்டும். நாளுக்கு எட்டு நோட்டுகளை மட்டும் எடுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "மூன்றாவது படியில் குறி மாறியது ஏன் என்று பார்." ஐந்து வாரத்துக்குள் எல்லோர் நோட்டும் உங்கள் கைக்கு வந்துவிடும். பள்ளி விதிப்படி எல்லா நோட்டிலும் கையெழுத்து வேண்டும் என்றால் போட்டுவிடுங்கள், கையெழுத்துக்கு இரண்டு நிமிடம் ஆகாது.

தொண்டையை அலட்சியம் செய்யாதீர்கள். அமெரிக்காவில் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் ஒரு முறையாவது குரல் கோளாறு வந்ததாகச் சொன்னவர்கள் ஆசிரியர்களில் 57.7 சதவீதம், மற்ற வேலை செய்பவர்களில் 28.8 சதவீதம். உங்கள் தொழிலின் கருவி குரல். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் கட்டியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை சத்தத்துக்கு மேல் சத்தம் போடாதீர்கள். பலகையருகே நின்று கத்துவதை விட்டு, பேசுகிற பையனின் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பாடத்தைத் தொடருங்கள். கிசுகிசுப்பதும் குரலுக்கு ஓய்வாகாது. தண்ணீர் பாட்டிலை மேசைமேலேயே வையுங்கள்.

அந்தப் பையனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவன் சிரித்துக்கொண்டு வந்தது உங்களுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினைந்து வயதில், நாற்பது பேர் பார்க்கும்போது, அலுவலகத்திலிருந்து திரும்புகிறவன் சிரிக்காமல் எப்படி நடந்து வருவான்? அவனுக்கு வேறு முகம் இல்லை. பொது இடத்தில் அவனோடு இனி எந்தக் கணக்கும் தீர்க்க வேண்டாம். வகுப்பு முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி, "அன்றைக்கு நீ பேசியது எனக்கு வலித்தது. நாளையிலிருந்து நாம் புதிதாகத் தொடங்கலாம்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்துவிடுங்கள். அவன் மாறுவான் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி உங்களுக்குக் கிடைக்கும். அலுவலகத்தில் அன்று அதுதான் உங்களுக்குக் கிடைக்காமல் போனது.

இரவு. பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு நேரம் வையுங்கள். எட்டு மணிக்குமேல் ஒலியை அணைத்துவிடுங்கள், மறுநாள் காலை பாருங்கள். அவசரம் என்றால் அழைப்பார்கள். படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் செய்ய வேண்டியதைத் தாளில் எழுதுங்கள். மைக்கேல் ஸ்கல்லினும் உடன் ஆய்வாளர்களும் 2018-ல் இதை 57 இளைஞர்களிடம் ஆய்வகத்தில் சோதித்தார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் விவரமாக இருந்தபோது இன்னும் சீக்கிரம். சின்ன ஆய்வுதான், ஆனால் செலவில்லாதது, பக்கவிளைவும் இல்லாதது. ஞாயிறு மாலைக்கும் ஒன்று: திங்கட்கிழமைக்கான பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமை பள்ளியிலேயே எழுதி முடித்துவிட்டு வாருங்கள். ஞாயிறு மாலை, உங்களுக்குப் பிடித்த ஒருவரோடு வெளியே நடக்கப் போங்கள், வீட்டில் உட்கார்ந்து திங்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைசியாக, விடுவதா பொறுப்பதா. கணவர் சொல்வதும் அம்மா சொல்வதும் எதிரெதிராகத் தெரிகின்றன. இரண்டும் உங்களை உடனே முடிவெடுக்கச் சொல்கின்றன என்பதில் ஒன்றுதான். அழுத நாளில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். தேதி குறிக்காமல் பொறுத்துக்கொண்டும் இருக்காதீர்கள். இன்றிலிருந்து மூன்று மாதம் கழித்து ஒரு தேதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அந்த நாளில் மூன்றைப் பாருங்கள். நான் கேட்ட காரியங்களில் ஒன்றாவது நடந்ததா? இந்தப் பள்ளியில் எனக்கென்று ஒருவராவது இருக்கிறாரா? தூக்கம் திரும்பியதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் வேறு பள்ளி பாருங்கள். அந்த மூன்று மாதத்திலேயே சான்றிதழ்களை எடுத்து வைப்பது, இரண்டு இடங்களில் விசாரிப்பது, வீட்டுச் செலவுக்கு எத்தனை மாதம் கையில் இருக்கிறது என்று பார்ப்பது எல்லாம் ஓசையில்லாமல் நடக்கட்டும். வெளியே போகும் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தாலே உள்ளே இருக்கும் நாட்கள் கொஞ்சம் இலகுவாகும். மருத்துவர் முன்கூட்டியே வெளியேறச் சொன்னால் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நேர்முகத்தில் புதிய பள்ளியிடம் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு பெற்றோர் ஆசிரியர்மேல் கோபமாக வந்தால் இங்கே என்ன செய்வீர்கள்?" பதில் சொல்ல அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனியுங்கள்.

திங்கட்கிழமை காலை வண்டியை நிறுத்தியதும் அதே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் அங்கே தனியாக நிற்க வேண்டாம். அந்த வராந்தாத் தோழியை முதல் நாளே அழைத்து, "காலையில் வண்டி நிறுத்தும் இடத்தில் எனக்காக நில்லுங்கள், சேர்ந்து உள்ளே போகலாம்" என்று சொல்லி வையுங்கள். எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள்.